எழுந்து சிரிக்கிற ஷாட்

ஐப்பசி 10, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை வருவதாகவும் இல்லை, விடுவதாகவும் இல்லை. துவைத்த துணி இரண்டு நாளாகக் கொடியில். தீபாவளி அதிரசம் டப்பாவில் கொஞ்சம் மிச்சம், பூசணம் பூப்பதற்குள் தீர்க்க வேண்டும்.

சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மூன்று வேன், ஒரு ஜெனரேட்டர் லாரி. லாரி திரும்பும்போது முருங்கைமரத்தின் நல்ல கிளை ஒன்று போயிற்று. கேட்கப் போனேன். வுடு, கிளைதானே என்று இவர் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிவிட்டார். வீட்டைப் படப்பிடிப்புக்கு விடுவதென்று இவரே பேசி, இவரே முடித்து, கடைசியில் எனக்குச் சொன்ன மனிதர். ஓட்டு வீடு, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. இந்தப் பக்கத்தில் இப்படி வீடு வேறு கிடைக்கவில்லையாம். எப்படிக் கிடைக்கும், மற்றவர்களெல்லாம் புத்தியோடு இடித்துக் கட்டிவிட்டார்கள்.

பவி காலேஜிலிருந்து வந்ததும் பையைக்கூட வைக்காமல் கதை கேட்கப் போய்விட்டாள். பேய்ப்படம். ஒரு வீடு, அப்பா, அம்மா, ஒரு பெண். சாவு அந்த வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிடுகிறது. முதலில் அப்பா, அப்புறம் பெண், கடைசியில் அம்மா. உதவி டைரக்டர் கௌதம் சொன்னானாம். நம்மள மாதிரியே மூணு பேரும்மா என்று அவளுக்கு ஒரே குஷி. வாயைக் கழுவு என்றேன்.

உத்திரமேரூர் போனால் வாங்க: கொக்கி, கறுப்பு நூல், லைனிங் துணி (டீச்சர் பிளவுஸ் இரண்டு), சாம்பிராணி.

ஐப்பசி 11, செவ்வாய்

அவர்கள் சாப்பாட்டிலிருந்து எங்களுக்கும் இட்லி, வடகறி. வடகறி நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும்.

துளசிமாடத்தில் சிகரெட் துண்டு. யார் போட்டது என்று கேட்டேன். யாருமே போடவில்லையாம்.

கூட்டத்தில் லைட்மேன் மாரி அண்ணன் ஒருவர்தான் மனிதர். வியாசர்பாடிக்காரர், ஐம்பது தாண்டியிருக்கும். தண்ணீர் கேட்டு வந்தவர் என் தையல் மிஷினைப் பார்த்துவிட்டு, தங்கச்சியும் தைக்கிறாள் என்று உட்கார்ந்து பேசினார். ஒவ்வொரு விளக்குக்கும் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறார். சிரிப்பு வந்தது. அவர் முன்னால் சிரிக்கவில்லை.

இவர் காலையிலிருந்து கேமராவுக்குப் பின்னாலேயே. வயல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏதோ தமாஷுக்கு இவர் சிரிக்க, எடுத்துக்கொண்டிருந்த ஷாட் வீணாகி, டைரக்டரிடம் திட்டு. இவர் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்கும், அவர்களுக்குத் தெரியாது பாவம். திட்டு வாங்கியதற்கும் சிரித்தார்.

சாயங்காலம் கௌதம் வந்து நெளிந்தான். நாளைக்குச் சாவு சீன். பிணமாகப் படுக்க வந்த ஆளுக்கு வாந்தி பேதி. சார் உடம்புவாகு அப்படியே பொருந்துது, ஒரு மணி நேரம் படுத்தால் போதும் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் இவர் சரி என்றுவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"சும்மா பட்த்துக்கினு கீறதுதானே. அதான் தெனம் பண்றேன்னு நீயே சொல்லிக்கினு கீறியே."

எல்லோரும் சிரித்தார்கள். ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி 12, புதன்

எல்லாம் நிஜம் போலவே. முற்றத்தில் பாடை. நிஜமான மேளம். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடைக்குக் கட்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டு. அழுவதற்கு எங்கள் தெருப் பெண்களையே உட்கார வைத்தார்கள். எதிர்வீட்டு தனம் அழுத அழுகை! சொந்த மாமியாருக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

கௌதம் என்னையும் கூப்பிட்டான். அக்கா, நீங்க தலைமாட்டில் உட்கார்ந்தால் ரியலாக இருக்கும். எனக்கு டீ போடுகிற வேலை இருக்கிறது என்று சமையல்கட்டுக்கு வந்துவிட்டேன். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டு ஒரு பானை டீ பாழ். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்தேன். கால் மட்டும் தெரிந்தது. வலது குதிகாலில் அந்த வெடிப்பு. நான் களிம்பு தடவுகிற வெடிப்பு. அதைச் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டேன். பயம்தான், வேறென்ன.

திடீரென்று மழை. ஜெனரேட்டர் நின்றது. கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு ஓட்டம். பேக்கப், பேக்கப் என்று கத்தல். முற்றம் காலி. பாடையில் இவர் மட்டும்.

மழை நேராக முகத்தில் விழுகிறது. இமைகூட அசையவில்லை. போய்க் கால்கட்டை அவிழ்த்தேன். எந்திரிங்க என்றேன். மறுபடி சொன்னேன். தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். முட்ஞ்சிதா என்று கேட்டார். தூங்கிட்டீங்களா என்றால், தெரியல என்கிறார்.

வேன் கிளம்புகிற நேரம் மாரி அண்ணன் சொல்லிக்கொள்ள வந்தார். சார் எழுந்து சிரிக்கிற ஷாட் எடுத்தாங்களா என்றார். எனக்குப் புரியவில்லை. சினிமாவில் ஒரு வழக்கமாம். யார் பிணமாகப் படுத்தாலும், கேமரா ஓடும்போதே எழுந்து, அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பெரிய நடிகர் ஆனாலும் சரி, கூட்டத்தில் ஒருவர் ஆனாலும் சரி.

"செத்தத பாத்த கேமரா, எழுந்ததையும் பாக்கணும்மா. இல்லன்னா அதுக்கு அவரு செத்தவருதான்."

கௌதமைக் கூப்பிட்டுக் கேட்டார். மழையில் விட்டுப்போச்சுண்ணே, அடுத்த ஷெட்யூலில் எடுத்துக்கலாம் என்றான் அவன். மாரி அண்ணன் முகம் சரியில்லை. வேன் ஏறும்வரை என்னைப் பார்க்கவில்லை.

பவியிடம் சொல்லிச் சிரித்தேன். எலுமிச்சம்பழம் கட்டுகிற ஆள் வேறென்ன சொல்வார்.

ஐப்பசி 13, வியாழன்

தூறல். வீடு கழுவி மாளவில்லை. எங்கே பார்த்தாலும் டேப் ஒட்டிய தடம்.

நாத்தனார் காவாந்தண்டலத்திலிருந்து ஆட்டோவில் வந்தாள். தலைவிரி கோலம். தெருமுனையிலிருந்தே ஐயோ என் தம்பி என்று. சினிமாவுக்காக பஸ் ஸ்டாப்பில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரை அவிழ்க்காமல் போயிருக்கிறார்கள். பெயர் வேறுதான், படத்தில் வருகிற அப்பா பெயர். ஆனால் போட்டோ இவருடையது, புதன் காலையில் கௌதம் எடுத்து ஒட்டியது. யாரோ போனில் அனுப்ப, அங்கே நாத்தனார் வீட்டில் எல்லோரும் தலைக்கு ஊற்றிக்கொண்டுவிட்டார்களாம்.

இவர் முற்றத்துத் தாழ்வாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னா அக்கா என்றார். உயிரோடு பார்த்தவள் அழுகையை நிறுத்த வேண்டுமா இல்லையா. நிறுத்தவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே அழுதாள். அப்புறம் சமையல்கட்டுக்கு வந்து என் காதில்:

"கை ஜில்லுனு கீது சுமதி. எல்லாரும் அழுதாங்களாம், நீ மட்டும் தலமாட்ல வந்து குந்தலியாமே. இன்னா பொம்பள நீ?"

அது சினிமா என்றேன். டீ போட்டேன் என்றேன். என் வாய் சும்மா இருக்குமா, உங்கள் வீட்டுக்காரர் போனபோது நீங்கள் எவ்வளவு அழுதீர்கள் என்று தெரியும் என்றும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

எப்போது வந்தாலும் வரேன், வரேன் என்று வாசலில் அரை மணி நேரம் நிற்பவள், இன்று ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள். சாவு வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள்.

பேனரை அறுத்துக்கொண்டு வந்தேன். எரிக்கலாம் என்றால் இவர் முகம் இருக்கிறது. குப்பையில் போடவும் மனசில்லை. சுருட்டிப் பரணில் வைத்தேன்.

ஐப்பசி 14, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

இவர் போன் இவர் முகத்தைப் பார்த்தால் திறக்கும். பவிதான் அப்படி வைத்துக் கொடுத்தாள். இன்று திறக்கவில்லை. முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், முகம் தெரியவில்லை, முகம் தெரியவில்லை என்றே வருகிறது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் போய் நின்றார். என் முகத்தைக் காட்டினாலாவது பயந்து திறக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

பெரிய விஷயம் இல்லைதான். இவருக்குச் சவரம் செய்து நாளாகிவிட்டது.

டீச்சர் பிளவுஸ் ஒன்று முடிந்தது. கை அளவு கொஞ்சம் இறுக்கம், பிரிக்க வேண்டும்.

ஐப்பசி 16, ஞாயிறு

கறி எடுத்தேன். இவர் இரண்டு வாயோடு எழுந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கறியை இவர் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

கௌதம் பவிக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். சாவு சீனைப் போட்டுப் பார்த்தார்களாம், டைரக்டர் அசந்துவிட்டாராம். பிணமாக நடிக்கிறவர்களுக்கு எப்படியும் நெஞ்சு ஏறி இறங்கிவிடுமாம், கம்ப்யூட்டரில்தான் சரிசெய்ய வேண்டுமாம். "உங்கப்பா டேக் முழுக்க மூச்சே விடல, எப்படி அடக்கினாருன்னு கேளேன்" என்று சிரிக்கிறான்.

பவி பெருமையாக இவரிடம் போட்டுக் காட்டினாள். இவர் கேட்டார். நான் அடக்கலியே என்றார்.

மத்தியானம் தூங்கும்போது பார்த்தேன். நேராக மல்லாந்து படுத்திருக்கிறார். கால் இரண்டும் ஒட்டி, கட்டைவிரல் இரண்டும் சேர்ந்து. இருபத்திரண்டு வருஷமாக ஒருக்களித்துத் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர். நான் விரல்களைப் பிரித்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்ந்துவிட்டன.

ஐப்பசி 17, திங்கள்

மழை. ரேஷன் கடையில் இவர் விரல் ரேகை விழவில்லை. கடைக்காரர் ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்லி, பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. நாற்று நட்ட கை, தேய்ந்து போயிருக்கும் என்று அவரே சமாதானம் சொன்னார். வயல்காரர்கள் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்றார். என் ரேகையை வைத்து வாங்கி வந்தோம். பருப்பு இல்லை. பாமாயில் அடுத்த வாரம்.

மாடு இவரைக் கிட்டவே விடவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. நான் கறந்தேன்.

பவி கேட்டாள்: "அம்மா, அப்பா கடைசியா எப்ப சிரிச்சாரு?"

அதட்டினேன், போய்ப் படி என்று. ஆனால் யோசித்துப் பார்த்தால், பாடையிலிருந்து இறங்கியதிலிருந்து இல்லை. வீட்டில் அந்தச் சத்தமே இல்லை. எனக்கு இது தெரியாமல் இல்லை, எழுதத்தான் இதுவரை தைரியம் வரவில்லை.

ஐப்பசி 18, செவ்வாய்

உத்திரமேரூரில் டாக்டர். பிரஷர் குறைவு, நாடி கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. ஈசிஜி நன்றாகவே வந்திருக்கிறது. நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க, சத்து மாத்திரை. ஸ்டெதஸ்கோப்பை மட்டும் நெஞ்சில் இரண்டு மூன்று இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

கொக்கி வாங்கினேன். நூலை மறந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். அதுதான் விஷயம் என்றார். பசி இல்லை, வலி இல்லை, குளிர் இல்லை. குதிகால் வெடிப்புகூட வலிக்கவில்லை. "எங்கியோ குந்திக்கினு பாத்துக்கினு கீற மாதிரி கீது. நீங்கெல்லாம் அந்தாண்ட கீறீங்க." இதைச் சொல்லிவிட்டு, பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

நாளைக்கு கௌதமுக்குப் போன் பண்ண வேண்டும். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஐப்பசி 19, புதன்

காலையில் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடும்போது பவியின் போன் அவள் முகத்துக்குத் திறக்கவில்லை.

ஈரம்மா என்று சொல்லிவிட்டு நம்பரைப் போட்டுத் திறந்துகொண்டு போனாள். அவளுக்கு அது ஈரம். நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கதையில் அப்பாவுக்கு அப்புறம் பெண். பைத்தியக்காரி மாதிரி அவள் ஏனாத்தூர் போய்ச் சேரும்வரை மூன்று தடவை போன் பண்ணினேன். கிளாஸில் இருக்கிறேன், மானத்தை வாங்காதே என்று மெசேஜ்.

கௌதம் மூன்றாவது தடவை எடுத்தான். அக்கா, அதெல்லாம் சும்மா ஒரு சென்டிமென்ட். கேமரா வாடகைக்கு எடுத்தது, வேறு படத்துக்குப் போயாச்சு. நான் கத்தவில்லை. கெஞ்சினேன். இந்த வாயால் ஒருவரைக் கெஞ்சுவேன் என்று நினைத்ததில்லை.

மாரி அண்ணன் நம்பரை மட்டும் கொடுத்தான். அவர் எடுத்தவுடன், சார் எப்படிம்மா கீறாரு என்றார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே. இந்தக் கையடக்கப் போனில் நானே எடுத்தால் ஆகாதா என்று கேட்டேன். ஆகாது. அதே கேமரா, அதே படத்துக்கு. கேமரா எங்கே இருக்கிறதென்று பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

எலுமிச்சம்பழத்துக்கு நான் சிரித்தது அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஐப்பசி 20, வியாழன்

மாரி அண்ணன் போன். அதே கேமரா நாளைக்கு தாமல் ஏரிக்கரையில். ஏதோ காதல் படமாம். டீ பிரேக்கில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கியிருக்கிறார். கௌதமை வரவழைப்பதும் தன் பொறுப்பு என்றார்.

இவரிடம் சொன்னேன். சண்டை போடுவார், பேஜார் பண்ணாத என்பார் என்று நினைத்தேன். சரி என்றார். அந்தச் சரியில் இவர் இல்லை.

டீச்சர் வந்து பிளவுஸ் கேட்டாள். நாளான்னிக்கு என்றேன்.

ஐப்பசி 21, வெள்ளி

வீட்டுக்கு வந்ததும் எழுதுகிறேன்.

ஸ்கூட்டியில் கிளம்பினோம். நான் ஓட்ட, இவர் பின்னால். காஞ்சிபுரம் தாண்டும்வரை தூறல். எண்பது கிலோ மனிதர். பின்னால் ஆள் இருக்கிற பாரமே வண்டிக்கு இல்லை. இரண்டு தடவை கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருந்தார். மேட்டில் வண்டி சும்மா ஏறியது, எனக்கு அழாத குறை.

ஏரி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. கரையில் கதாநாயகிக்குக் கலர் குடை, ஊரெல்லாம் வேடிக்கை. மாரி அண்ணன் ஓடி வந்து இவர் கையைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் விட்டுவிட்டார். கௌதம் பைக்கில் வந்திருந்தான், கையில் அவர்கள் படம் பதிகிற மெமரி கார்டு. அதைப் போட்டு எடுத்தால்தான் அந்தப் படத்தில் சேருமாம். இவரைப் பார்த்ததும் அவன் முகத்திலும் விளையாட்டு போய்விட்டது.

கரைமேல் நீலத் தார்ப்பாய் விரித்தார்கள். மாரி அண்ணன் எல்லாம் அன்று போலவே இருக்க வேண்டும் என்றார். நெற்றியில் காசு. கால்விரல்களை ரிப்பனால் கட்டினார். இவர் படுத்தார். படுத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, வீட்டுக்கு வந்து படுக்கிற மாதிரி படுத்தார். என்னைக் கேமராவில் விழாமல் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

கேமரா ஓடியது. சார், எழுந்திரிங்க, சிரிங்க என்றான் கௌதம்.

எழவில்லை.

சார் என்றான் மறுபடி. ஏரிக்காற்றில் சட்டை படபடத்தது. சட்டைதான் அசைந்தது, நெஞ்சு அசையவில்லை. கேமராக்காரர் கௌதமைப் பார்த்தார். மாரி அண்ணன் என்னைப் பார்த்தார்.

ஓடினேன். தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார மாட்டேன் என்று சொன்ன இடம். எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க என்றேன். கன்னத்தைத் தட்டினேன். ஏரித் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. குனிந்து மூக்கருகே கையை வைத்தபோது உதடு மட்டும் அசைந்தது.

"எல்லாரும் அழுதாங்க. நீ வர்ல. நான் காத்துக்கினே கீறேன்."

எனக்கு அழுகை சட்டென்று வராது. என் அப்பா போனபோதுகூட மூன்றாம் நாள்தான் வந்தது. எல்லோரும் கல்நெஞ்சக்காரி என்றார்கள். ஆனால் இப்போது வந்தது. சினிமாவில் அழுகிற மாதிரி இல்லை. மூக்கு ஒழுக, வசவாக வந்தது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லும்போது கேட்டியா, முருங்கைக் கிளையை உடைக்கவிட்டியே, பொண்ணை யார் பார்ப்பா, எனக்கு யார் இருக்கா, நான் டீ போடவா போனேன், உன் காலைப் பார்க்க முடியாமத்தானே போனேன். நீ, வா, போ என்று. இதுவரை அப்படிப் பேசியதில்லை. மார்பில் அடித்துக்கொண்டேன். ஊரே பார்த்தது. பார்க்கட்டும்.

முதலில் வயிறு குலுங்கியது. நான் இன்னும் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு தோள். பிறகு அந்தச் சத்தம். எழப்போனவர் கால்கட்டு தடுக்கி என்மேல் சாய்ந்தார், என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தார், சிரித்தார். ஏரியில் உட்கார்ந்திருந்த நீர்க்காகமெல்லாம் எழும்பிவிட்டன. கட் என்று கௌதம் சொன்னது அவனுக்கே கேட்டிருக்காது.

மாரி அண்ணன் கற்பூரம் சுற்றி எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். காலில் விழப்போனேன். தடுத்துவிட்டார்.

திரும்பும்போது மேட்டில் வண்டி திணறியது. பின் சக்கரத்தில் காற்று பத்தவில்லை. இறங்கி நடங்க என்று திட்டினேன், இவ்வளவு சந்தோஷமாக யாரையும் திட்டியதில்லை. டீக்கடையில் போண்டா தின்றார். மறுபடி போண்டா கேட்டார்.

பவியின் போன் திறக்கிறது. இவர் போனும்.

ஐப்பசி 22, சனி

வெயில். நல்ல வெயில். மாடு இவர் கையை நக்குகிறது. குதிகால் வலிக்கிறது என்று புலம்பல். களிம்பு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

நாத்தனாருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். வரேன், வரேன் என்று சொல்லிக்கொண்டே போனை வைக்கவில்லை.

டீச்சர் பிளவுஸ் இரண்டும் முடிந்தன. கூட இரண்டு தைக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஐப்பசி 25, செவ்வாய்

காலை வெயில், இப்போது மூட்டம். பவிக்கு லீவு. வயலில் களை, ஆள் கிடைக்கவில்லை. மூன்று பேருமே இறங்கலாம் என்று இவர் யோசனை.

நாஷ்டாவுக்கு அடை. இவரும் பவியும் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு, நான் தாமல் கரையில் திட்டியதை இவர் அப்படியே நடித்துக் காட்ட, இரண்டு பேரும் சிரிப்பு. இங்கே மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கௌதம் போன். குரலில் ஒரே உற்சாகம். தாமலில் எடுத்ததை டைரக்டர் பார்த்தாராம். என் அழுகையை எடிட்டிங் ரூமில் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்களாம். ஏரி தெரியாத குளோசப்பாக வெட்டி அதைச் சாவு சீனில் சேர்த்துவிட்டார்களாம். நீங்களும் படத்துல இருக்கீங்கக்கா, தியேட்டர்ல ஜனம் கதறப்போவுது என்றான்.

இவர் சிரிச்சது, என்று கேட்டேன்.

"சாவு சீன்ல அது எதுக்குக்கா? அழுகை வரைக்கும் வச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிட்டாரு. இடம் அடைக்குதுன்னு அழிச்சாச்சு."

எப்போது என்றேன்.

இப்பத்தான், அழிச்ச கையோட வெளியே வந்து ஒங்களுக்குப் போன் பண்றேன் என்றான்.

போனை வைத்துவிட்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் இல்லை. பவி சத்தமும் இல்லை. வாளி வைக்கிற சத்தம், தண்ணீர் சத்தம், எதுவும் இல்லை. மாடு மட்டும் கயிற்றை இழுக்கிறது.

ஏங்க என்றேன். பவி என்றேன்.

அப்பாவுக்கு அப்புறம் பெண் என்றானே அந்தக் கதையில், எழுந்து போய்ப் பார்க்கப் பயம். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கிருந்தே இன்னொரு தடவை கூப்பிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பெயரைச் சொல்லி. சண்முகம் என்று. இன்னும் சத்தமாக, சண்முகம்.